அண்ணனின் ‘நான்’ செத்த தவக்காலம்

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழக்கிழமை சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு ஆண்களுக்குப் பாதம் கழுவுவார். சேசு ஆண்டவர் தம் சீடர்களுக்குக் கழுவியதன் நினைவாக நடக்கும் சடங்கு. பெரியவன் சின்னவன் முன்னால் குனிய வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. மற்ற ஊர்களில் எப்படியோ, காரைக்குடியில் எங்கள் கோயிலில் குனிந்தவர் சாமியார் ஒருவர்தான். பன்னிரண்டு பேரும் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார்கள்.

எங்களைச் சுற்றி இருந்த செட்டியார் வீடுகளுக்கு ஒன்பது குலக்கோயில்கள். இளையாத்தங்குடிக் கோயிலைச் சேர்ந்தவர்கள் யார், மற்றக் கோயில்களைச் சேர்ந்தவர்கள் யார், எங்கே யாருக்கு முதல் மாலை என்பதெல்லாம் அவர்களுக்குப் பிறக்கும்போதே தீர்மானமாகியிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த எங்கள் தெரு ஆட்களுக்கும் ஏதாவது ஒரு முதல் மரியாதை தேவைப்பட்டது. வேறொன்றும் கிடைக்காமல் கால் கழுவப்படுவதில் அதைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு குடும்பம். தகப்பன் போனால் மகன். முதல் நாற்காலி தலைமைச் சீடர் இராயப்பருடையது. அது எங்கள் வீட்டுக்கு. அப்பா கண்ணை மூடியதும் அண்ணன் அதில் உட்கார்ந்தார்.

சாமியார் கழுவுவது வலது காலை மட்டும்தான். அதனால் புதன்கிழமையே பன்னிரண்டு வீட்டுக் கிணற்றடியிலும் பன்னிரண்டு வலது கால்கள் தேய்படும். தேங்காய் நாரும் சவுக்காரமும் போட்டு அண்ணன் தேய்ப்பார். அண்ணி தண்ணீர் ஊற்றுவார். மறுநாள் அந்தக் கால் தூசி படாமல் கோயிலுக்குப் போய்ச் சேர சைக்கிள் ரிக்‌ஷா வரும். இடது கால், பாவம், பஸ் புழுதியோடு அப்படியே கூடப் போகும். அழுக்குக் காலைக் கழுவத்தானே சடங்கு என்று யாரும் கேட்டதில்லை. சாமியாரும் கேட்டதில்லை.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. பள்ளத்தூரில் ஆரம்பப் பள்ளி டீச்சர் வேலை. தினம் பஸ்ஸில் போய் வருவேன். ‘வயித்து வலி டீச்சர்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் முதலில் அன்றைக்குக் கணக்குப் பாடமா என்று யோசிக்கிற ஆள் நான். இந்தப் புத்தியோடு பக்தியாக இருப்பது கஷ்டம்தான். என்ன செய்வது, ஆண்டவர்தானே கொடுத்தார்.

அண்ணன் ஒரு பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர். காக்கிக் கோட்டோடு அவர் ஏறினால் கைக்குழந்தைகூட அழாது. டிக்கெட் எடுக்காதவன் எந்த சீட்டில் ஒளிவான், எந்த நிறுத்தத்தில் தூங்குகிற மாதிரி நடிப்பான் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது, ரசத்தில் உப்பு எவ்வளவு, வாசலில் நின்று அண்ணி யாரிடம் பேசினார், எல்லாவற்றுக்கும் பரிசோதனை உண்டு.

எனக்கும் அவருக்கும் நடுவில் ஓர் அக்கா. டைப்ரைட்டிங் படிக்கப் போன இடத்தில், கல்லலைச் சேர்ந்த பொற்கொல்லர் வீட்டுப் பையன் ஒருவரோடு பழகிவிட்டாள். அவர் தகப்பன் தொழிலை விட்டுவிட்டு ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். இந்துக் குடும்பம். ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் முடிந்தது. சேதி தெரிந்த அன்று அண்ணன் நடுத்தெருவில் நின்று, தெருக்கோடி வரை கேட்கும்படி சத்தம் போட்டார்:

“இந்த வாசப்படிய அவ மிதிச்சா, அதுக்கப்புறம் நான் மிதிக்க மாட்டேன். இது என் வாக்கு!”

எங்கள் தெருவில் வாக்கு என்றால் வாக்குதான். சொத்தைக்கூட விட்டுக்கொடுப்பார்கள், சொன்ன சொல்லை விட மாட்டார்கள். அன்றிலிருந்து அக்கா கல்லலில், நாங்கள் காரைக்குடியில். அண்ணனின் பஸ் தினம் கல்லல் வழியாகத்தான் போகும். சில நாள் அக்கா அந்த பஸ்ஸில் ஏறுவாள். அண்ணன் ஒவ்வொரு சீட்டாகப் பரிசோதித்துக்கொண்டே வந்து, அவள் முன்னால் வந்ததும் முகத்தை அங்குட்டுத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போய்விடுவார். அந்தத் தடத்தில் அவர் டிக்கெட் கேட்காத ஒரே பிரயாணி என் அக்காதான்.

அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தனக்கு இன்னது வேண்டும் என்று அம்மா கேட்டு நான் பார்த்ததே கிடையாது. அப்பா இருந்தவரை ‘அவுகளுக்குப் பிடிக்காது’. அதற்கப்புறம் ‘அவனுக்கு ஆகாது’. தீபாவளி, கிறிஸ்மஸ் வந்தால் மட்டும் ஒரு தூக்குச்சட்டியில் அதிரசம், முறுக்கு அடைத்து என் கையில் கொடுப்பார். “போற வழியில அவளுக்குக் குடுத்துட்டுப் போ” என்பார். பள்ளத்தூர் ஒரு திசை, கல்லல் வேறொரு திசை. அம்மாவுக்கு அது தெரியாததல்ல.

அந்த வருஷம் அக்கா உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்களுக்கும் சரி, கல்லல்காரர்களுக்கும் சரி, மாற்றமில்லாத முறை. தாய்வீட்டிலிருந்து ஆள் வந்து அழைத்துப் போக வேண்டும். வீட்டுக்கு ஆண்பிள்ளை அண்ணன்தான். அவர் போய்க் கூப்பிட வேண்டும். அம்மா அறைக்குள் பழைய வேட்டிகளைத் துவைத்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பிறக்கப்போகிற குழந்தைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலமும் அதற்கான தியானமும் வந்தன.

பூசை தமிழுக்கு மாறிய புதிது. அதுவரை சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் நிம்மதியாக இருந்தோம். தமிழில் கேட்க ஆரம்பித்த பிறகுதான் என்னென்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. தியானம் கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், மெதுவான குரல். களவு, பொய், குடி இதையெல்லாம் அவர் தொடவே இல்லை. “அதையெல்லாம் விட்டுடலாம். ‘நான்’ங்கறத விட முடியுதா பாருங்க” என்றார். கடவுளாக இருந்தவரே தம்மை ஒன்றுமில்லாதவராக்கிக்கொண்டு வேலைக்காரனைப் போல் குனிந்தார், அவர் பின்னால் போகிறவனுக்கு வேறு குறுக்குவழி கிடையாது என்றார். என் விருப்பம், என் மரியாதை, என் சொல் என்று நாம் இறுக்கிப் பிடித்திருக்கும் கையைத் திறந்தால்தான் ஆண்டவர் அதில் எதையாவது வைக்க முடியும் என்றார்.

நல்ல பேச்சு. எனக்கே உள்ளே என்னவோ செய்தது. மருந்தின் மேல் எனக்குச் சந்தேகமில்லை. குடிக்கப்போகிறவர்கள் மேல்தான்.

கடைசி நாள் அவர், யார் எதைக் கையளிக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். ஒருவர் வெற்றிலையை விடுகிறேன் என்றார். ஒரு அம்மாள் சினிமாவை விட்டார். அண்ணன் எழுந்தார். “இராயப்பர் நாற்காலிய நான் விட்டுடுறேன் சாமி” என்றார். கோயிலே மூச்சை இழுத்துக்கொண்டது. பின்னாலிருந்து யாரோ விசும்பினார்கள். அப்பாவிடமிருந்து அது எப்படி வந்தது, அதில் உட்காரும்போது தன் மனசில் எவ்வளவு பெருமை இருந்தது என்று அண்ணன் விரிவாகச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்த நாட்களில்கூட ஜனம் அவரை அத்தனை நேரம் பார்த்திருக்காது. எனக்கு அங்கேயே முதல் பொறி தட்டியது.

மறுநாளிலிருந்து அண்ணன் வேறு ஆள். சத்தம் இல்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் உட்கார்ந்தார். வாசல் கூட்டினார். ‘நான்’ என்ற சொல்லையே விட்டுவிட்டார். “இந்தப் பாவிக்குக் கொஞ்சம் ரசம் ஊத்து” என்றார். அண்ணிக்குக் கரண்டி கைநழுவிப் போனது.

ஒரு வருஷத்துக்கு முன்னால் பயணிகள் எதிரே கன்னத்தில் அறைந்த ஒரு கண்டக்டரைத் தேடிப் போய், காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் வைத்து இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டார். ஊரே சிலாகித்தது. அந்தக் கண்டக்டர் மட்டும் மறுநாள் என் பஸ்ஸில் பக்கத்தில் வந்து நின்று, “டீச்சர், என்னைய வேலையவிட்டுத் தூக்கப் போறாகளா? உள்ளதச் சொல்லுங்க” என்றார். பாவம், அவருக்கும் என் வியாதிதான்.

வீட்டில் நிலைமை முன்னைவிட மோசம். முன்னால் உப்பு கூடினால் தட்டு பறக்கும், அதோடு விஷயம் முடிந்துவிடும். இப்போது உப்பே இல்லாவிட்டாலும் கண்ணை மூடி முழுங்கிவிட்டுப் புன்னகை செய்தார். அண்ணி ஒவ்வொரு வேளையும் ஒளிந்து நின்று அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாதியாகிவிட்டார். “அவுக நாலு வார்த்த திட்டிட்டா நிம்மதியாத் தூங்குவேன்” என்று என்னிடம் அழுதார். முன்பு அண்ணனின் கோபத்தைச் சுற்றி நடந்த வீடு இப்போது அவருடைய தாழ்ச்சியைச் சுற்றி நடந்தது. நடுவில் உட்கார்ந்திருந்தது என்னவோ அதே ஆள்தான். டிக்கெட் எடுக்காதவன் எங்கெங்கே ஒளிவான் என்று தெரிந்த மனுஷருக்கு, தன்னுடைய ‘நான்’ எந்த சீட்டுக்கு அடியில் படுத்திருக்கிறது என்று மட்டும் தெரியவில்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்டேவிட்டேன்.

“அண்ணே, அக்காவப் போயி எப்பக் கூப்பிடப் போறீக? நாள் நெருங்குதுல்ல.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “என்னத்தா செய்ய. இந்தப் பாவிக்குன்னு ஒரு இஷ்டம் இப்ப இல்ல. ஆண்டவர் சித்தம் இருந்தா எல்லாம் நடக்கும்.”

எனக்குத் தலைக்கு ஏறியது. “இப்ப ஆண்டவர் சித்தம். அன்னிக்குத் தெருவுல நின்னு வாசல அடச்சீகளே, அது யாரு சித்தம்?”

அம்மா உள்ளேயிருந்து “வாய மூடுடி” என்றார். அண்ணன் கோபப்படவே இல்லை. “சொல்லு, இன்னும் சொல்லு. இந்தப் பாவிக்கு வேணும்” என்று தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் என்ன பேசுவது? குனிந்த தலையோடு சண்டை போட முடியாது. அது அவருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் என் சந்தேகம்.

பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எங்கள் பங்குச் சாமியாரிடம் இதைச் சொன்னேன். நாற்காலியை விட்டார், கோபத்தை விட்டார், ருசியை விட்டார், விட வேண்டிய அந்த ஒன்றை மட்டும் ஆண்டவர் தலையில் கட்டிவிட்டார் என்றேன். “நல்ல காரியத்தச் சந்தேகப்படுறதும் பாவம்தாம்மா” என்று ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒவ்வொரு மணியையும் சந்தேகத்தோடுதான் உருட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை கல்லலுக்குப் போனேன். அக்கா கை நிறைய வளையலோடு, தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்திருந்தது. கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. அண்ணன் மாறிய கதையைச் சொன்னதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அண்ணனோட ‘நான்’ செத்துருச்சா? எப்ப எடுக்கிறாகளாம்?”

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. “தெருவுல எல்லாரும் கேக்குறாக, தாய்வீட்ல எப்ப வந்து கூப்பிடுவாகன்னு. இந்தா வருவாக, அந்தா வருவாகன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. எங்க மாமியா ஒண்ணும் சொல்லல, ஆனா தெனமும் வாசலப் பாக்குறாக. எனக்கு அவமானமா இருக்குடி.”

மச்சான் ஒரு ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “எங்க சாமியும் ‘நான்’ங்கறத விடச் சொல்லுதுதான். நான் இன்னும் விடல, சும்மா எதுக்குப் பொய் சொல்ல” என்றார். அந்த வாரத்தில் நான் சந்தேகப்படாத ஒரே பேச்சு அதுதான்.

திரும்பி வந்து அம்மாவிடம் வீங்கிய காலைப் பற்றிச் சொன்னேன். அம்மா மடித்த வேட்டியைப் பிரித்து மறுபடி மடித்தார். “பெரிய வியாழக்கெழம பூசைக்கு அவள வரச் சொல்லு. கோயில் அவன் வீடு இல்லையில்ல” என்றார்.

அந்த வியாழக்கிழமை முதல் நாற்காலியில் ஒரு தையல்காரர் உட்கார்ந்தார். அவருக்கு அது பல வருஷ ஏக்கம். ஆனாலும் எல்லோரும் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்ததால் மனுஷர் முள்ளின் மேல் இருப்பதுபோல் நெளிந்தார். ஏனென்றால் அண்ணன், தனக்கு ஒரு தாழ்ந்த வேலை வேண்டும் என்று கேட்டு, சாமியாருக்குத் தண்ணீர் ஏந்துகிற வேலையை வாங்கியிருந்தார். தோளில் துண்டு, கையில் பித்தளைச் செம்பும் தாம்பாளமும். முன்னாலானால் ஒரு நாற்காலியோடு சரி. இப்போது பன்னிரண்டு நாற்காலிக்கும் முன்னால் நடந்தார்.

அக்கா சடங்கு தொடங்கிய பிறகுதான் வந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கோயிலுக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டவள், உள்ளே வந்து உட்கார மனசு வரவில்லை. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் முடியாது. பக்கத்து வாசல் ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றாள். பெண்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார்.

கால் கழுவி முடிந்தது. அந்தத் தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. பக்கத்து வாசலுக்கு வெளியே இருக்கும் மரத்தடியில் ஊற்ற வேண்டும். அண்ணன் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு அந்த வாசலுக்கு வந்தார். பன்னிரண்டு கால் கழுவிய தண்ணீர். குடிக்கலாம் போல அவ்வளவு தெளிவாக இருந்தது. வாசலில் அக்கா.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனின் கண் கீழே இறங்கி அவள் பாதத்தில் நின்றது. வீக்கமும் புழுதியுமாக, அந்தக் கோயிலிலேயே உண்மையில் கழுவ வேண்டியிருந்த பாதம் அதுதான். அண்ணன் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். முழங்காலிட்டார். தண்ணீருக்குள் கையை விட்டார்.

எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. “சேசுவே” என்று யாரோ சொன்னார்கள். அந்தக் குரலைக் கேட்டதும் என் கண்ணீர் நின்றுவிட்டது. இத்தனை பேர் பார்க்கக் குனிகிறவர், யாரும் பார்க்காத கல்லல் தெருவில் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தோன்றிவிட்டது.

அக்கா காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“கால் இருக்கட்டும்ணே” என்றாள். “கதவத் திறங்க.”

அண்ணனுக்கு நனைந்த கை அப்படியே நின்றது. வாயைத் திறந்தார். “ஆண்டவர் சித்தம்…” என்று தொடங்கினார். மேலே வரவில்லை. ஊர் முன்னால் முழங்கால் போட முடிந்த மனுஷருக்கு ‘வா’ என்ற ஒற்றைச் சொல் வரவில்லை. அவர் நடிக்கவில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. நடிக்கிறவனுக்கு அந்தச் சொல் சுலபமாக வந்திருக்கும். அவருக்கு நிஜமாகவே வரவில்லை.

பக்கத்தில் சேலை சரசரத்தது. அம்மா எழுந்துவிட்டார். பெண்களைத் தாண்டி, மிதித்தும் மிதிக்காமலும், நேரே வாசலுக்குப் போனார்.

“எனக்கு என் மக வேணும்” என்றார்.

அம்மா உரக்கப் பேசவில்லை. ஆனால் அந்த வார்த்தைகளை அந்தக் குரலில் நாங்கள் யாரும் கேட்டதில்லை. “தலப்பிரசவம் என் வீட்லதான். நான் கூப்பிடுறேன். நீ வாரதுன்னா வா, தெருவுல நிக்கிறதுன்னா நில்லு.”

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பூசைக் கடைசியில் வரும் நற்கருணைப் பவனி முடியாமல் அன்று யாரும் கோயிலை விட்டுப் போவதில்லை. அம்மா பாதிப் பூசையில் போனார். நானும் அண்ணியும் பின்னாலேயே ஓடினோம்.

அந்த ஒல்லிச் சாமியார் அவ்வளவு பேசினாரே, எங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்கு அவர் என்ன சொல்வார் என்று வழியெல்லாம் யோசித்தேன். ‘நான்’ என்று ஒன்று இருப்பதையே காட்டாமல் பிள்ளை பெற்று, சோறு பொங்கி, எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தே கிழவியானவர் அவர். அவரிடம் போய் எதை விடச் சொல்வது? ஆண்டவர் அன்று அவரிடம் கேட்டது வேறொன்றாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. எடுத்து வைத்த முதல் காலிலேயே அம்மா ஒரு பூசையை மீறினார், ஒரு வாக்கை மீறினார். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அண்ணி பூட்டைத் திறந்தார். அக்கா வாசற்படிக்கு முன்னால் நின்றுவிட்டாள். தெருவில் நாலைந்து வீட்டுக் கதவு திறந்தது. “வலது கால வச்சு வாத்தா” என்றார் அம்மா. அக்கா படியை மிதித்தாள்.

கஞ்சி ஊற்றி வைத்துவிட்டு நாங்கள் காத்திருந்தோம். அண்ணன் வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலுக்கு எதிரே வந்து நின்றார். படியைப் பார்த்தார். தெருவும் பார்த்துக்கொண்டிருந்தது. சொன்ன சொல் அவருக்கும் நினைவிருந்தது, தெருவுக்கும் நினைவிருந்தது. பிறகு அவரைக் காணவில்லை. அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

பின்பக்கம் கொல்லைக் கதவு கிறீச்சிட்டது. கிணற்றடியைத் தாண்டி, அடுப்படி வழியாக அண்ணன் உள்ளே வந்தார். அண்ணி தட்டு வைத்தார். ஒரு வாய் வைத்துவிட்டு அண்ணன், “உப்பு இல்ல” என்றார். அண்ணியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

குழந்தை அந்த வீட்டில்தான் பிறந்தது. பெண். மாதம் முடிந்து அக்கா கல்லலுக்குப் போனாள், வந்தாள், போனாள், எல்லாம் முன்வாசல் வழியாக. அண்ணன் மட்டும் கொல்லைக் கதவைவிட்டு மாறவே இல்லை. அது எடுப்புக் கக்கூஸ் காலம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்து மலம் அள்ள வருகிறவர்களுக்கென்று விட்ட சந்து. வேறு ஒருத்தரும் அதில் கால் வைக்க மாட்டார்கள். காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு செக்கிங் இன்ஸ்பெக்டர் தினம் காலையும் சாயங்காலமும் மூக்கைப் பொத்தாமல் அதில் நடந்தார். அங்கே அள்ளுகிற அம்மாள் முதல் நாள் பதறிப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்றார். நாளாக ஆக அவருக்கும் பழகிவிட்டது. இரண்டு பேரும் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டார்கள்.

நான் இதையும் விடவில்லை. வாக்கைக் காப்பாற்றுகிற வீம்பு இது, ‘நான்’ சாகவில்லை, கொல்லை வழியாகப் புகுந்துகொண்டது என்று ஒரு நாள் தோன்றும். தங்கச்சி முன்வாசலில் நடக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷர் பீச்சந்தில் நடக்கிறாரே என்று மறுநாள் தோன்றும். அடுத்த தவக்காலத்தில் அதே சாமியார் தியானத்துக்கு வந்தார். அண்ணன் எழுந்து இதைச் சொல்வாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை. பன்னிரண்டு பேரில் கடைசி நாற்காலி காலியாக இருந்தபோது கூப்பிட்டார்கள். பஸ் டியூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஒரு தடவை நேராகவே கேட்டேன். “அண்ணே, இது வாக்கா, இல்ல தாழ்ச்சியா?”

“எனக்கே தெரியலத்தா” என்றார். ‘இந்தப் பாவிக்கு’ என்று சொல்லவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. விடாத மழை. அக்கா குழந்தையோடு வந்திருந்தாள். அந்தச் சந்து என்ன கதியில் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் முழங்கால் வரை அதை அப்பிக்கொண்டு கொல்லைக் கதவைத் தள்ளி உள்ளே வந்தார். கிணற்றடியில் அக்கா வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து நான் மட்டும்தான் பார்த்தேன்.

“குடு ஆத்தா, நான் ஊத்திக்கிறேன்” என்றார்.

“காட்டுங்கண்ணே.”

அத்தனை வருஷப் பழக்கம். அண்ணன் வலது காலை மட்டும் முன்னால் நீட்டினார். அக்கா ஊற்றினாள். குனிந்து கையால் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் கறுப்பாக ஓடியது.

“அதையும் காட்டுங்க” என்றாள். “சேறு ரெண்டு கால்லயும்தான இருக்கு.”

அண்ணன் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலை நீட்டினார்.